'டைட்டில் ஒன்' பணம் எல்லா மாணவருக்கும் செலவானால் முறைகேடா?

குறைந்த வருமானக் குடும்பக் குழந்தைகள் அதிகம் உள்ள பள்ளிகளுக்கு அமெரிக்கக் கூட்டாட்சி அரசு தரும் நிதிதான் 'டைட்டில் ஒன்'. அதைப் பற்றி அமெரிக்காவில் உள்ள பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "டைட்டில் ஒன் நிதி ஏழைக் குழந்தைகளுக்கு மட்டுமே. அதை மாநில, உள்ளூர்ப் பணத்தோடு கலந்து பள்ளி முழுவதற்கும் செலவழிப்பது மோசடி. உடனே புகார் செய்யுங்கள்."

இது தவறு. மாணவர்களில் 40 சதவீதமாவது குறைந்த வருமானக் குடும்பத்தினராக இருந்தால், அந்தப் பள்ளி 'முழுப்பள்ளித் திட்டம்' நடத்தலாம்; அதாவது, இந்தப் பணத்தைப் பள்ளி முழுவதற்கும் பயன்படுத்தலாம். அதற்கும் கீழே இருந்தால், 2015இல் வந்த கூட்டாட்சிக் கல்விச் சட்டத்தின்படி மாநிலம் விலக்கு தரலாம். இத்திட்டத்தில் 'இந்தப் பணம் இந்த மாணவருக்கு' என்று பெயர் குறிக்க வேண்டியதில்லை. ஒரே வாசிப்புப் பயிற்றுநரின் சம்பளத்தை கூட்டாட்சி, மாநில, உள்ளூர் என மூன்று நிதியும் சேர்ந்தே ஏற்கலாம்.

சரி, இஷ்டத்துக்குச் செலவழிக்கலாமா? அதுவும் இல்லை. முதலில் பள்ளியின் தேவைகளை ஆராய்ந்து திட்டம் எழுத வேண்டும். ஆண்டுதோறும் பலனை மதிப்பிட வேண்டும். பின்தங்கிய மாணவர்களின் தேவைக்கு அதில் இடம் இருந்தே ஆக வேண்டும். கூட்டாட்சிப் பணம் வருகிறதே என்று மாநில, உள்ளூர்ப் பங்கைக் குறைக்கவும் கூடாது. உண்மையில் கண்காணிக்க வேண்டியது இதைத்தான். ஃபார்வர்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை!

சரிபார்க்க, தொடக்க, இடைநிலைக் கல்விச் சட்டத்தின் 1114ஆம் பிரிவைப் படியுங்கள். அமெரிக்கக் கல்வித் துறையின் இணையதளத்திலும் விளக்கம் உண்டு. உங்கள் பள்ளியின் திட்டத்தைப் பெற்றோர் பார்வைக்கு வைத்தாக வேண்டும் என்பதும் சட்டம்தான்; அலுவலகத்தில் கேளுங்கள். அந்தச் செய்தியை மேலும் அனுப்ப வேண்டாம்.