சத்தத்தை நிறுத்தாதீங்க!

(இங்கிலாந்து, யார்க் நகரம். ஊஸ் ஆற்றங்கரையில் நாலே அறை உள்ள ஒரு தங்கும் விடுதி. மாடி அறையில் தரைப்பலகை ஒன்றைப் பெயர்த்துவிட்டு, டார்ச்சும் கையுமாகக் குப்புறப் படுத்திருக்கிறார் பிளம்பர். இடுப்பில் கைவைத்தபடி விடுதிக்காரம்மா.)

பிளம்பர்: ஆள் மாட்டிக்கிச்சு மேடம். உங்க பேய் 15 மில்லிமீட்டர் தாமிரக் குழாய்.

அம்மா: மெதுவா பேசுங்க! கீழே கெஸ்ட் இருக்காங்க.

பிளம்பர்: அவங்களுக்கும் நிம்மதிதானே?

அம்மா: யாருக்கு வேணும் நிம்மதி? "ராத்திரி மேல்மாடியில் நடமாட்டம்"னு போன வாரம்தான் விளம்பரம் கொடுத்திருக்கேன்!

பிளம்பர்: நடமாட்டம் எல்லாம் இல்ல, சுருக்கம். பத்தரைக்கு டைமர் ஹீட்டிங்கை அணைக்குது. குழாய் 70 டிகிரியிலேர்ந்து 20க்கு இறங்குது. 10 மீட்டர் தாமிரம் 50 டிகிரி ஆறினா 8 மில்லிமீட்டர் சுருங்கும். இதைப் போட்ட புண்ணியவான் தரையைத் தாங்கற கட்டையில பள்ளத்தைக் குழாய் அளவுக்கே வெட்டியிருக்கான். சுருங்கற குழாய் மரத்துல சிக்கி, இழுத்து, விடுபடும். ஒவ்வொரு தடவையும் "டொக்". பள்ளத்தைக் கொஞ்சம் அகலமாக்கி ஃபெல்ட் (கம்பளித் துணி) துண்டு வெச்சா அரை மணி நேர வேலை.

அம்மா: கை வெச்சீங்க, நடக்கிறதே வேற. 1973லேர்ந்து இந்த ஊர்ல டிக்கெட் போட்டுப் பேய் காட்டக் கூட்டிட்டுப் போறாங்க. கோல்டன் ஃப்ளீஸ் பப்புல அந்தக் காலத்து மேயர் சம்சாரமே வந்து உலாத்துதாம். நான் மட்டும் வெறும் காலை டிபனை வெச்சுப் பிழைக்கணுமா?

பிளம்பர்: நீங்க என்ன சொன்னாலும், இந்த ஊர்ப் பேய்ல மதிப்பா நிக்கிறது எங்க தொழில்காரர் பார்த்ததுதான். ஹாரி மார்ட்டின்டேல். 1953ல 18 வயசுப் பையன். டிரஷரர்ஸ் ஹவுஸ்ங்கற பழைய மாளிகையோட நிலவறையில ஹீட்டிங் குழாய் போட ஏணியில நிக்கிறார். எக்காளச் சத்தம். சுவத்துக்குள்ளேர்ந்து ஒரு குதிரை, பின்னாடியே ரோமானியச் சிப்பாய்ங்க, சோர்ந்துபோய், ரெண்டு ரெண்டு பேரா. ஏணியிலேர்ந்து விழுந்தே விட்டார்.

அம்மா: முட்டிக்குக் கீழே கால் இல்லையாமே?

பிளம்பர்: இருந்தது. தரைக்குள்ளே இருந்தது. பழைய ரோமர் சாலை 15 அங்குலம் கீழே போகுது. தோண்டின இடத்துக்கு வந்ததும் பாதமும் தெரிஞ்சதுன்னு சொன்னார்.

அம்மா: 15 அங்குலம் முட்டி வரைக்கும் வராதே?

பிளம்பர்: சிப்பாய் குட்டையா இருந்திருப்பான்.

அம்மா: இப்படி அளவு சொல்லிச் சொல்லியே நம்பவெச்சிடறீங்க.

பிளம்பர்: அதுதான் மேடம் சூட்சுமம். வெள்ளைச் சேலை, ஊளைச் சத்தம்னு அவர் கதை விடல. வட்டக் கேடயம்னு சொன்னதுக்கு, ரோமர்னா நீளக் கேடயம்தான்னு சிரிச்சாங்க. ரோமர் ஆட்சியோட கடைசிக் காலத் துணைப்படைக்கு வட்டக் கேடயம் உண்டுன்னு அப்புறம்தான் ஒத்துக்கிட்டாங்க. மனுஷன் குழாய் வேலையை விட்டுட்டுப் போலீஸ்ல சேர்ந்துட்டார்.

அம்மா: பிளாக் ஸ்வான் பப்புல நேர்மாறு. வெறும் காலு மட்டும் நடக்குதாம், மேலே ஆளே இல்லையாம்.

பிளம்பர்: டிரஷரர்ஸ் ஹவுஸுக்குச் சொல்லி அனுப்புங்க, ஒரு சிப்பாய்க்காவது பொருந்தும். தலை மட்டும் கேட்காதீங்க. 1572ல பேவ்மென்ட் தெருவுல வெட்டுப்பட்ட தாமஸ் பெர்சி பிரபு இன்னும் அவர் தலையையே தேடிட்டு இருக்கார்.

அம்மா: டிரஷரர்ஸ் ஹவுஸோட பழைய சொந்தக்காரர் ஃபிராங்க் கிரீனை நம்ம வீட்டுக்குக் கூப்பிட்டா? பணக்காரப் பேய், பார்க்க லட்சணமா இருக்கும்.

பிளம்பர்: வேணாம். நாற்காலி இம்மி நகர்ந்தாலும் தெரியணும்னு தரையில ஆணி அடிச்சு அடையாளம் வெச்சவர். வேலைக்கு வர்றவன் மெத்துச் செருப்பு போட்டுத்தான் உள்ளே வரணும். 1930ல வீட்டைப் பழைய கட்டிடங்களைக் காக்கிற நேஷனல் டிரஸ்ட்டுக்குக் கொடுத்தப்பகூட எந்தச் சாமானையும் நகர்த்தக் கூடாதுன்னார். இங்க வந்தா முதல்ல உங்க சோபாவைத்தான் தள்ளிப் போடுவார்.

அம்மா: எனக்குக் குழாய்ப் பேயே போதும். 3ஆம் அறையில வேற கறுப்பு உடையில ஒரு பெண்ணைப் பார்த்ததா ஒருத்தர் சொன்னார். தலைவலியோட எழுந்தாராம்.

பிளம்பர்: (சட்டென்று எழுந்து உட்கார்ந்து) தலைவலியா? பாய்லர் எங்க இருக்கு?

(இருவரும் கீழே இறங்கி, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வருகிறார்கள்.)

பிளம்பர்: தீ நீலமா, கெட்டியா எரியுது. மஞ்சளா மினுக்கினா கார்பன் மோனாக்சைடுங்கற விஷ வாயு வரலாம். 1921ல அமெரிக்காவுல ஒரு கண் டாக்டர் எழுதின கேஸ் இருக்கு. பேய் வீடுன்னு நடுங்கின குடும்பத்துக்குக் கடைசியில கோளாறு வீட்டைச் சூடாக்கற உலையிலதான். காலடி, உருவம், தலைவலி எல்லாம் அந்த வாயு. அதனால அலாரம் ஒண்ணு வாங்கி பாய்லர்லேர்ந்து 1 முதல் 3 மீட்டர் தள்ளி மாட்டுங்க. இதுல நான் பேரம் பேச மாட்டேன்.

அம்மா: அப்போ அந்தக் கறுப்பு உடைப் பெண்?

பிளம்பர்: கதவுக்குப் பின்னாடி உங்க மழைக் கோட்டு தொங்குது. தலைவலிக்குக் குப்பைக்கூடையில ரெண்டு ஒயின் பாட்டில்.

அம்மா: கோட்டை எடுக்க மாட்டேன்.

பிளம்பர்: அது உங்க இஷ்டம். ஆனா ஜூன், ஜூலையில ஹீட்டிங்கே ஓடாது. பேய் லீவு போட்டுடும்.

அம்மா: கூட்டம் வர்றதே அப்பதானே! "டம்"னு ஒரு சத்தம் பகல்ல வருதே, அதைக் கோடைக்கு வெச்சுக்கலாமா?

பிளம்பர்: வாஷிங் மெஷின். வால்வு பட்டுனு மூடும்போது ஓடற தண்ணி முட்டி மோதிக் குழாயை ஆட்டுது. 15 மில்லிமீட்டர் குழாய் படுத்திருந்தா 1.2 மீட்டருக்கு ஒரு கிளிப் வேணும். இங்க 4 மீட்டருக்கு ஒண்ணுகூட இல்ல. இதை விட்டா குழாய் மூட்டு விட்டுப்போய் சமையலறைக் கூரையோட கீழே வரும். இன்னிக்கே கிளிப் அடிச்சுடறேன்.

அம்மா: மேல இருக்கிற டொக்?

பிளம்பர்: அதனால கெடுதல் இல்ல. இருக்கட்டும்.

அம்மா: சரி, பத்தரைக்கு வர்றது கொஞ்சம் அல்பமா இருக்கு. 12 மணிக்கு வரவைக்க என்ன செலவாகும்?

பிளம்பர்: சல்லிக்காசு வேணாம். டைமரை 12க்கு மாத்துங்க. அணைஞ்ச கொஞ்ச நேரத்துல ஆரம்பிச்சுடும். கூடுதல் ஒன்றரை மணி கேஸ் மட்டும் உங்க தலையில.

அம்மா: ஞாயித்துக்கிழமை மட்டும் 10 மணிக்கு வெச்சுக்கலாமா? திங்கக்கிழமை காலையில எல்லாருக்கும் ரயில்.

பிளம்பர்: தாராளமா. ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால தள்ளுவோம்ல? டைமரையும் தள்ளுங்க. இல்லேன்னா அக்டோபர் 31, பேய்த் திருநாள் ஹாலோவீன் அன்னிக்கு உங்க பேய் 11 மணிக்கே வந்து தட்டிட்டுப் போயிடும், கெஸ்ட் எல்லாம் பப்புல உட்கார்ந்திருப்பாங்க.