விடுதலை கிடைக்காதவர்களுக்கும் விசுவாசம் உண்டு

அந்தப் பிரசங்கக் காணொளியை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள் என்பதால் அதை மறுபடி விவரிக்கப் போவதில்லை. அப்போஸ்தலர் 16-ஆம் அதிகாரத்தில், பிலிப்பி பட்டணத்துச் சிறையில் பவுலும் சீலாவும் துதித்தார்கள், சிறைச்சாலையின் அஸ்திபாரங்கள் அசைந்தன. இன்றைக்கும் ஒருவர் சிறையிலேயே கிடக்கிறார் என்றால் அவருடைய துதியில்தான் குறை என்று அதில் பிரசங்கித்த ஊழியர் சொன்ன ஒரே ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். காணொளிக்குக் கீழே கருத்திட்ட ஒருவர், கைதியாகவே இறந்துபோன குருவானவர் ஸ்டான் சுவாமியின் பெயரை இழுத்து, கர்த்தருடைய பிள்ளையாக இருந்திருந்தால் கர்த்தர் அவரை வெளியே கொண்டுவந்திருக்க மாட்டாரா என்று கேட்டிருந்தார். அதற்கும் வரிசையாக ஆமென் போட்டிருந்தார்கள்.

விடுதலை கிடைக்காதவர்களுக்கும் விசுவாசம் உண்டு. இதைச் சபைப் பிள்ளைகளுக்கே எடுத்துச் சொல்லும்படி ஆகிவிட்டதே என்பதுதான் என் வேதனை.

அப்படியானால் அப்போஸ்தலர் 16-ஆம் அதிகாரம் பொய்யா என்று கேட்பீர்கள். அதில் ஓர் எழுத்தைக்கூட நான் மறுக்கவில்லை. 12-ஆம் அதிகாரத்தையும் சேர்த்துப் படியுங்கள் என்றுதான் கேட்கிறேன். அங்கே ஏரோது, யோவானுடைய சகோதரனான யாக்கோபைப் பட்டயத்தால் கொலை செய்கிறான். அதே அதிகாரத்தில் தேவதூதன் வந்து பேதுருவின் சங்கிலிகளைக் கழற்றித் தெருவரைக்கும் அழைத்து வருகிறான். இரண்டு பேரும் மறுரூப மலையில் இயேசுவோடு நின்றவர்கள். யாக்கோபுக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்ல உங்களில் யாருக்குத் துணிவு இருக்கிறது? பிலிப்பியில்கூடக் கதவுகள் திறந்த பிறகு பவுல் ஓடிப்போகவில்லை. தன்னைத்தானே கொன்றுகொள்ளப் பட்டயத்தை உருவிய சிறைச்சாலைக்காரனை, நாங்கள் எல்லாரும் இங்கேதான் இருக்கிறோம் என்று சத்தமிட்டுத் தடுத்தார். பின்னர் செசரியாவில் அவர் இரண்டு வருடம் காவலில் இருந்தபோது எந்தப் பூமியும் அதிரவில்லை. சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில், துரோவாவில் கார்ப்பு என்பவரிடம் விட்டுவந்த மேலங்கியைக் கொண்டுவரும்படியும், மாரிகாலத்துக்கு முன்னே வந்து சேரும்படியும் கேட்கிறார். குளிருக்கு ஒரு துணி கேட்ட அந்த மனிதருக்குத் துதிக்கத் தெரியவில்லையா?

ஸ்டான் சுவாமிக்கு வருகிறேன். திருச்சி மாவட்டத்து விரகாலூரில் பிறந்த அந்த இயேசு சபைக் குருவானவர், ஜார்க்கண்ட் ஆதிவாசிகளின் நிலத்துக்காகவும், விசாரணைக் கைதிகளாக அடைபட்டுக் கிடந்த அவர்களுடைய பிள்ளைகளுக்காகவும் உழைத்தவர். 2020 அக்டோபர் 8 அன்று ராஞ்சியில் கைதானபோது அவருக்கு 83 வயது. பார்க்கின்சன் நோயால் கை நடுங்கி, தம்ளரைப் பிடிக்க முடியாமல், உறிஞ்சு குழல் வைத்த ஒரு குவளைக்காக நீதிமன்றத்தில் மனுச் செய்தார்; அதற்குப் பதில் சொல்ல விசாரணை முகமை 20 நாள் அவகாசம் கேட்டது. மும்பைக்கு அருகிலுள்ள தலோஜா சிறையிலிருந்து அவர் எழுதிய கடிதத்தில், சக கைதிகள் தமக்குச் சாப்பிடவும் குளிக்கவும் உதவுவதைச் சொல்லி, அவர்களை ஜெபத்தில் நினைத்துக்கொள்ளும்படி கேட்டிருந்தார். கூண்டுப் பறவையாலும் பாட முடியும் என்று எழுதியவரும் அவர்தான். வழக்கு விசாரணை தொடங்காமலே, 2021 ஜூலை 5 அன்று, மும்பை மருத்துவமனையில் கைதியாகவே இறந்தார். இந்த மனிதருடைய துதியில் என்ன குறை கண்டீர்கள்?

அவர் அரசியல் பேசினார், அதனால் போனார் என்பீர்கள். யோவான் ஸ்நானகன் ராஜாவின் முகத்துக்கு நேரே என்ன பேசிக் காவலுக்குப் போனார் என்பதைப் படித்துவிட்டு வாருங்கள், அப்புறம் பேசுவோம்.

ஊழியரைக் குறை சொல்லாதே, அபிஷேகம் பண்ணப்பட்டவர்களைத் தொடாதே என்று உட்பெட்டியில் வந்து எச்சரித்தவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நான் யாரையும் தொடவில்லை. அந்த வாக்கியம்தான் என் வீட்டுக்குள் வந்து என் அம்மாவைத் தொட்டது. யாரோ அதைக் குடும்பக் குழுவில் அனுப்ப, அம்மா இரண்டு முறை கேட்டுவிட்டு, அப்போது நாம் சரியாகத் துதிக்கவில்லையோ என்று என்னிடம் கேட்டார்கள்.

என் தம்பி, தான் செய்யாத ஒரு காரியத்துக்காக ஏழு மாதம் விசாரணைக் கைதியாக இருந்தவன். அம்மா ஒவ்வொரு புதன்கிழமையும் விடியற்காலைப் பேருந்தைப் பிடித்துப் போய் மனுப் போட்டு அவனைப் பார்ப்பார்கள். இரட்டைக் கம்பிவலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திப் பேசுகிற அந்த இடத்தில் ஜெபம் பண்ண முடியாது. அதனால் இரவு ஒன்பது மணிக்கு அவன் உள்ளேயும் அம்மா வீட்டிலும் 121-ஆம் சங்கீதத்தைச் சொல்வதென்று பேசி வைத்துக்கொண்டார்கள். ஏழு மாதமும் அது நிற்கவில்லை. ஆனால் எங்கள் சபையில், குடும்பத்தில் சாட்சி சரியில்லை என்று சொல்லி, பெண்கள் ஐக்கிய ஜெபத்தை நடத்தும் பொறுப்பிலிருந்து அம்மாவை எடுத்துவிட்டார்கள். காவலிலிருந்தேன், என்னைப் பார்க்க வந்தீர்கள் என்ற வசனத்தைச் சுவரில் எழுதி வைத்திருக்கும் சபை அது. அங்கிருந்து ஒருவர்கூடத் தம்பியைப் பார்க்க வரவில்லை. அந்தக் கோபத்தில்தான் எழுதுகிறாய் என்றால், ஆம், அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

வழக்கு நிற்காமல் போய்த் தம்பி வீட்டுக்கு வந்ததும், அதே சபையில் அம்மாவைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். கதவு திறந்தால்தான் நமக்குச் சாட்சி. திறக்காதவர்களுக்கு நம் ஆராதனையில் ஒலிபெருக்கி கிடையாது. அம்மா மேலே போய், தம்பியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல், அவனோடு அதே அறையில் இருந்து இன்னும் வெளியே வராத நான்கு பையன்களின் பெயர்களைச் சொல்லி, இவர்களுக்காக ஜெபிக்க வேண்டும் என்றார்கள். மூன்றாவது பெயரிலேயே அடுத்த பாட்டுக்கு விசைப்பலகையில் கை வைத்துவிட்டார்கள். நான்காவது பெயர் எங்கள் வரிசைக்குக் கேட்கவில்லை.