ஓடும் வண்டியில் கதவு திறந்தது, ஜாப் கார்டில் 'சத்தம்' என்று எழுதினார்கள்

மூன்று மாதமாக மனதில் கிடக்கும் விஷயம் இது. எல்லாம் முடிந்த பிறகு எழுதலாம் என்றிருந்தேன். முடிகிற மாதிரி தெரியவில்லை, அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன். மினிவேன் வைத்திருப்பவர்களும், பழைய மினிவேன் ஒன்றைப் பார்த்து வைத்திருப்பவர்களும் பொறுமையாகப் படியுங்கள். கொஞ்சம் நீளம்.

எங்கள் வண்டிக்கு நாலு வயது. மூன்று வரிசை இருக்கை, இரண்டு பக்கமும் மோட்டாரில் நகரும் ஸ்லைடிங் கதவு. ஒரு நாள் மாலை, மழை விட்ட நேரம். ஏற்றமான சாலையில் வேகம் கூட்டினேன். முன்னால் கதவு விளக்கு எரிந்தது, டிங் டிங் என்று எச்சரிக்கை ஒலி. அடுத்த நொடி காற்றின் இரைச்சல். திரும்பிப் பார்த்தால் வலப்பக்கக் கதவு ஒரு சாண் திறந்திருக்கிறது, இன்னும் பின்னால் நகர்ந்துகொண்டே இருக்கிறது. அந்தப் பக்கத்து சீட்டில்தான் என் இளையவள். ஆறு வயது. "அம்மா, காத்து" என்றாள். அவளுக்கு அது பயமாகக்கூடப் படவில்லை.

பெல்ட் போட்டிருந்தாள். இந்த ஒன்றை நினைத்துத்தான் அன்று இரவு தூங்கினேன். ஓரமாக நிறுத்தி, கையால் இழுத்து மூடி, அவளை இடப்பக்க சீட்டுக்கு மாற்றிவிட்டு, மெதுவாக ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் காலை டீலரின் சர்வீஸ் சென்டர். சர்வீஸ் அட்வைசர் சின்னப் பையன், மரியாதையாகப் பேசினார். நடந்ததை வரி விடாமல் சொன்னேன். தட்டச்சு செய்தார், தாளை நீட்டினார், படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். இரண்டு மணி நேரம் கழித்து, "செக் பண்ணிட்டோம் மேடம், ஒண்ணும் இல்லை. கம்ப்யூட்டர்ல எந்த எரர் கோடும் வரலை" என்றார். வீட்டுக்கு வந்துதான் ஜாப் கார்டைப் படித்தேன். புகார் என்ற இடத்தில், "வலப்பக்கக் கதவில் சத்தம்." செய்த வேலை என்ற இடத்தில், "கதவு ஓடும் தடம் சுத்தம் செய்து கிரீஸ் இடப்பட்டது. குறை காணப்படவில்லை."

சத்தம். ஓடும் வண்டியில், குழந்தை பக்கத்தில் இருக்கும்போது திறந்த கதவு, அந்தத் தாளில் வெறும் சத்தமாகிவிட்டது.

இந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் இந்தப் பதிவே. வண்டி செய்த கம்பெனிக்கு உங்கள் முகம் தெரியாது. அவர்களிடம் போய்ச் சேருவது டீலர் பதிவு செய்யும் தாளும் வாரண்டிக் கணக்கும்தான். 'ஓடும்போது கதவு திறந்தது' என்று நூறு தாள் வந்தால் யாராவது ஒருவர் நிமிர்ந்து உட்காருவார். 'சத்தம்' என்று ஆயிரம் தாள் வந்தாலும் கிரீஸ் செலவுதான் கூடும். ஒரு குறையை ரீகால் வரை, அதாவது குறையுள்ள வண்டிகளைக் கம்பெனியே திரும்ப அழைத்துச் சரிசெய்யும் நிலை வரை கொண்டுபோவது இப்படிச் சேரும் தாள்களும், சொந்தக்காரர்கள் நேரடியாக அனுப்பும் புகார்களும்தான். நம் தாளில் உண்மை இல்லையென்றால், அடுத்த வீட்டுக் குழந்தைக்கான எச்சரிக்கையும் அங்கேயே நின்றுவிடுகிறது.

அந்தப் பையன் வேண்டுமென்றே செய்தார் என்று நான் நினைக்கவில்லை. காலை எட்டு மணிக்கு அவர் முன்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள். வாரண்டி வேலைக்கு இத்தனை மணி நேரம் என்று கம்பெனி முன்கூட்டியே கணக்கு வைத்துத்தான் பல இடங்களில் பணம் தருகிறது. எப்போதாவது ஒரு முறை வந்துபோகும் குறையைத் தேடி ஒரு மெக்கானிக் அரை நாள் செலவழித்தால் அந்த நேரம் யார் கணக்கிலும் ஏறாது. அதனால் 'குறை காணப்படவில்லை' என்பது அவர்களுக்குச் சுலபமான வழியாகிவிட்டது. காரணம் புரிகிறது. ஆனால் அந்த விலையை என் மகள் கொடுக்க முடியாது.

அப்புறம் நான் இந்தக் கதவைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். சாதாரணக் காரின் கதவு முன்பக்கக் கீலில் தொங்குகிறது, ஓடும்போது எதிர்க்காற்று அதை அகலத் திறக்க விடாது. ஸ்லைடிங் கதவு அப்படியில்லை. அது உருளைகளில் ஓடுகிறது, மோட்டாரும் கேபிளும் இழுக்கின்றன, கடைசியில் லாட்ச், அதாவது கதவை மூடிய நிலையில் பிடித்துக்கொள்ளும் கொக்கி, கவ்வ வேண்டும். லாட்ச் சரியாகக் கவ்வாவிட்டால், வேகம் கூட்டும்போதும் ஏற்றத்திலும் கனமான அந்தக் கதவு பின்னால் போகத்தான் பார்க்கும். எனக்கு ஏற்றத்தில் நடந்ததற்கான காரணம் அப்போதுதான் புரிந்தது. குழந்தைப் பூட்டு போட்டிருந்தோமே என்று என் கணவர் கேட்டார். அது உள்ளிருந்து கைப்பிடியை இழுத்துத் திறப்பதைத் தடுக்கும், அவ்வளவுதான். கவ்வாத லாட்சை அது ஒன்றும் செய்யாது.

நான் தனி ஆள் இல்லை என்பதும் படிக்கப் படிக்கத் தெரிந்தது. 2016 நவம்பரில் டொயோட்டா, 2011 முதல் 2016 வரையிலான சியன்னா வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 7,44,000. கதவு திறப்பதற்கு ஏதாவது தடை வந்தால் மோட்டார் சுற்றில் மின்சுமை கூடி ஃபியூஸ் போய்விடும். அந்த நேரம் லாட்ச் விடுபட்ட நிலையில் இருந்தால், ஓடும்போதே கதவு திறக்கலாம். 2018 கடைசியில் ஹோண்டா, 2018, 2019 மாடல் ஒடிஸி வண்டிகளில் ஒரு லட்சத்துக்கும் மேல் திரும்ப அழைத்தது. ஸ்லைடிங் கதவின் பின்பக்க லாட்ச் முழுதாகக் கவ்வாமல் போகலாம் என்பதுதான் அதிலும் குறை. 2023-ல் கியா கார்னிவல் 51,000-க்கும் மேல். அங்கே சிக்கல் நேர் எதிர்: மூடிக்கொண்டு வரும் கதவு நடுவில் கை இருந்தால் போதுமான அளவு உணர்ந்து நிற்கவில்லை, சிலருக்குக் காயம் பட்டது. எல்லாமே பெரிய கம்பெனிகள், எல்லாமே குடும்பத்துக்காக என்றே விற்ற வண்டிகள்.

இந்த எண்களைப் படித்தபோது எனக்குக் கோபத்தைவிட ஒரு தெம்புதான் வந்தது. இந்தக் கதவு இப்படிச் செய்யும், இது என் கற்பனை இல்லை.

இரண்டாவது முறை போனபோது நான் சொல்லச் சொல்ல எழுத விடவில்லை. வீட்டிலேயே தாளில் எழுதி எடுத்துப் போனேன். தேதி, நேரம், வேகம், ஏற்றம், மழை விட்டு எத்தனை நேரம், எந்தக் கதவு, எவ்வளவு திறந்தது, யார் பக்கத்தில் இருந்தார்கள். "இதை அப்படியே ஜாப் கார்டில் ஏற்றுங்கள், ஏற்றிய பிறகுதான் கையெழுத்து" என்றேன். பையன் தயங்கினார். என் கணவர் பக்கம் திரும்பி, "சார், இவ்வளவு எழுத இடம் இல்லை" என்றார். வண்டியை ஓட்டுவது நான், பார்த்தது நான், பேசிக்கொண்டிருப்பதும் நான். கணவர் பதிலே சொல்லாமல் என்னைக் கைகாட்டினார். கடைசியில் ஏற்றினார்கள். ஆனால் மறுபடியும் 'குறை காணப்படவில்லை'தான்.

மூன்றாவது முறை, வயதான ஒரு சீனியர் மெக்கானிக் கூட வந்தால்தான் வண்டியை விடுவேன் என்று உட்கார்ந்துவிட்டேன். வந்தார். பின்சீட்டில் உட்கார்ந்து, கதவின் ஓரத்தில் விரலை வைத்துக்கொண்டே, ஏற்றமான ஒரு சாலையில் ஓட்டச் சொன்னார். நாலாவது தடவை ஏறும்போது அவர் விரலுக்கடியில் கதவு அசைந்தது, விளக்கு எரிந்தது. "ஆமாம்மா, லாட்ச் பிடிக்கலை" என்றார். அதோடு, "போன மாசம் இதே மாதிரி ஒண்ணு வந்துச்சு" என்றும் சொன்னார்.

போன மாதம்! அப்படியென்றால் என்னிடம் மட்டும் ஏன் 'ஒண்ணும் இல்லை'?

விசாரித்தபோதுதான் சர்வீஸ் புல்லட்டின் என்று ஒன்று இருப்பது தெரிந்தது. குறிப்பிட்ட மாடலில் குறிப்பிட்ட குறை வந்தால் இப்படிச் சரிசெய்யுங்கள் என்று கம்பெனி டீலர்களுக்கு அனுப்பும் தாள். ரீகால் வேறு, இது வேறு. ரீகால் என்றால் உங்களுக்குக் கடிதம் வரும், வேலை இலவசம். புல்லட்டின் டீலரோடு நின்றுவிடும். நீங்கள் போய்ப் புகார் சொன்னால் பார்ப்பார்கள், வாரண்டி முடிந்திருந்தால் பணம் கேட்பார்கள். எங்கள் வண்டியின் லாட்சுக்கு அப்படி ஒரு தாள் இருந்தது. எங்கள் வாரண்டி முடிந்து சில வாரம் ஆகியிருந்தது.

ஒரு குறைக்கு என்ன பெயர் வைக்கிறார்கள் என்பதில் எவ்வளவு இருக்கிறது என்று மினிவேன் வரலாறே சொல்லும். 1984 மாடலில் தொடங்கிய கிரைஸ்லர் மினிவேன்களில் பின்கதவின் லாட்ச் விபத்தின்போது திறந்துகொள்கிறது என்று புகார்கள் குவிந்தன. அமெரிக்க அரசின் வாகனப் பாதுகாப்பு அமைப்பு விசாரித்தது. 1995-ல் சுமார் 40 லட்சம் வண்டிகளுக்கு லாட்சை மாற்றித்தர கம்பெனி ஒப்புக்கொண்டது, ஆனால் ரீகால் என்ற பெயரில் இல்லை, ஒரு சர்வீஸ் நடவடிக்கையாக. அதற்கு முந்தைய ஆண்டே ஒரு விபத்தில் பின்கதவு திறந்து ஆறு வயதுச் சிறுவன் வெளியே விழுந்து இறந்திருந்தான். அந்த மரணம் பற்றிய வழக்கில் 1997-ல் நடுவர் குழு (ஜூரி) கம்பெனிக்கு எதிராக 26 கோடி டாலருக்கும் மேல் தீர்ப்புச் சொன்னது. மேல்முறையீட்டில் அது நிலைக்கவில்லை. வழக்கு யார் பக்கம் போனது என்பதைவிட, ஆறு வயது என்ற இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன். மேலே படிக்க முடியவில்லை.

பணம் கேட்டபோது நான் கத்தவில்லை. மூன்று ஜாப் கார்டையும் மேஜையில் வரிசையாக வைத்தேன். முதல் தடவை வந்த தேதியில் குறை இருந்தது, நீங்கள்தான் பார்க்கவில்லை, இதில் உங்கள் எழுத்தே இருக்கிறது என்றேன். கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் அதே மூன்று தாளை அனுப்பினேன். பத்து நாள் கழித்து, நல்லெண்ண அடிப்படையில் இலவசமாக மாற்றித்தருகிறோம் என்று பதில் வந்தது. மாற்றினார்கள். ஆனால் அதே மாடலை வைத்திருக்கும் வேறு ஒருவருக்கு, தாள் வைத்துக்கொள்ளாத ஒருவருக்கு, இது கிடைக்காது. அதனால்தான் வாகனப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பின் தளத்திலும் புகார் பதிவு செய்தேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. டீலரிடம் சொல்லியாயிற்றே என்று பலரும் இதைச் செய்வதில்லை. தயவுசெய்து செய்யுங்கள். டீலரிடம் சொன்னது டீலரோடு நின்றுவிட்டால் கேட்க ஆள் இல்லை.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு ஒன்று. ரீகால் கடிதம் பதிவில் உள்ள முகவரிக்குத்தான் போகும். இரண்டாவது கை, மூன்றாவது கை மாறிய வண்டிக்கு அது வந்து சேரும் என்று நம்பாதீர்கள். வண்டிக்கு 17 இலக்க அடையாள எண் உண்டு, முன்கண்ணாடியின் கீழ் மூலையில் பார்க்கலாம். அதை வைத்துத் தேடினால் நிலுவையில் உள்ள ரீகால் தெரியும். அமெரிக்காவில் ரீகால் நிலுவையில் இருக்கும் புது வண்டியை டீலர் விற்கக்கூடாது. பழைய வண்டிக்கு அங்கே தேசிய அளவில் அப்படித் தடை இல்லை. ஆக, விற்பவர் சொல்வார் என்று காத்திருக்க முடியாது. அதே நாட்டில், முதல் விற்பனையிலிருந்து 15 ஆண்டு வரை ரீகால் வேலைக்குக் காசு வாங்கக்கூடாது, வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும்.

ரீகால் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. 2022 பிப்ரவரியில் 2017, 2018 மாடல் கிரைஸ்லர் பசிஃபிகா ஹைப்ரிட் வண்டிகளைத் தீப்பிடிக்கும் அபாயத்துக்காகத் திரும்ப அழைத்தபோது, சொந்தக்காரர்களுக்குச் சொன்னது இதுதான்: சார்ஜ் போடாதீர்கள், கட்டடங்களுக்கு அருகில் நிறுத்தாதீர்கள். தீர்வு தயாராகும் வரை அப்படியே இருக்க வேண்டும். வீட்டுக்குள் நிறுத்தப் பயப்படும் வண்டியில் காலையில் பிள்ளைகளை எப்படி ஏற்றுவது?

இன்னொன்று, கதவோடு சம்பந்தமில்லாதது, ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 2023-ல் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டுக் கழகம், பின்சீட்டில் ஒரு பொம்மையை வைத்து நாலு மினிவேன்களை மோதவிட்டுப் பார்த்தது. அந்தப் பொம்மை சின்ன உருவப் பெண் அல்லது 12 வயதுப் பிள்ளையின் அளவு. பின்சீட்டுப் பாதுகாப்பில் ஒரு வண்டிக்கும் 'நல்லது' என்ற மதிப்பீடு கிடைக்கவில்லை. பின்சீட்டில் உட்காருகிறவர்களுக்காகவே வாங்கும் வண்டி இது. வாங்கும்போது முன்பக்கத் திரையின் அளவைக் கேட்கிறோம், பின்பெல்ட்டில் மோதலின்போது இறுக்கிப் பிடிக்கும் அமைப்பு உண்டா என்று கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

இரண்டாவது வரிசை சீட்டைக் கழற்றி மாட்டுகிறவர்கள், மாட்டியபின் இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். 2017-ல் ஹோண்டா ஒடிஸி 8 லட்சத்துக்கும் மேல் திரும்ப அழைக்கப்பட்டது, சரியாகக் கவ்வாத சீட் பிரேக் போடும்போது முன்னால் சாய்ந்துவிடும் என்பதால்தான். கதவு விளக்கு ஒரு முறை எரிந்தாலும் 'சென்சார் கோளாறு' என்று விட்டுவிடாமல் அந்தப் பக்கத்துப் பிள்ளையை இடம் மாற்றுங்கள். மோட்டார் கதவை நிறுத்திவைக்கும் மெயின் சுவிட்ச் பெரும்பாலான வண்டிகளில் உண்டு, எங்கே இருக்கிறது என்று இன்றே பார்த்து வையுங்கள்.

கழற்றிய பழைய லாட்சைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். கவ்வும் பல்லின் ஓரம் தேய்ந்து மழுங்கியிருப்பது கண்ணுக்கே தெரிகிறது. புது லாட்ச் போட்டு ஐந்து வாரம் ஆகிறது, விளக்கு இதுவரை எரியவில்லை. இளையவள் பழைய சீட் வேண்டும் என்று தினமும் கேட்கிறாள். இன்னும் மாற்றவில்லை. அரசு அமைப்பிடமிருந்து புகார் எண் வந்திருக்கிறது, பதில் வரவில்லை. வந்ததும் இதே பதிவில் சேர்க்கிறேன்.