சிசிஆர்5 வெறும் எச்ஐவி வாசல் அல்ல

"சிசிஆர்5 என்பது எச்ஐவி நுழையும் வாசல் மட்டுமே. அதை நீக்கிவிட்டால் எந்த வைரஸும் அண்டாது" என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. சிசிஆர்5 என்பது நோயெதிர்ப்பு செல்களின் மேற்பரப்பில் இருக்கும் ஒரு புரதம். இதில் கொஞ்சம் உண்மையும் கலந்திருக்கிறது, சிக்கலே அதுதான்.

பெற்றோர் இருவரிடமிருந்தும் சிசிஆர்5ஐச் செயலிழக்கச் செய்யும் டெல்டா32 என்ற மரபணு மாற்றத்தைப் பெற்றவர்களை எச்ஐவி எளிதில் தொற்றுவதில்லை என்று 1996இல் தெரியவந்தது. ஆனால் சிஎக்ஸ்சிஆர்4 என்ற வேறொரு புரதம் வழியாக நுழையும் எச்ஐவி வகைகளும் உண்டு. அவற்றை இந்த மாற்றம் தடுக்காது.

சரி, சிசிஆர்5இன் சொந்த வேலை என்ன? டி செல்கள் என்ற நோயெதிர்ப்பு செல்களுக்கு வழிகாட்டுவது. தொற்று கண்ட திசு, சிசிஎல்5 போன்ற கீமோகைன்களை, அதாவது செல்களை அழைக்கும் சமிக்ஞைப் புரதங்களை, வெளியிடும். ரத்தத்தில் உருண்டு வரும் டி செல், சிசிஆர்5 மூலம் அதை உணர்ந்து, ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டி, இடுக்கில் நெளிந்து வெளியேறி, செறிவு கூடும் பக்கமாக ஊர்ந்து போகும். சிசிஆர்5 நீக்கப்பட்ட எலிகளுக்கு வெஸ்ட் நைல் வைரஸைச் செலுத்தியபோது, மூளைக்குப் போதிய நோயெதிர்ப்பு செல்கள் போய்ச் சேரவில்லை, எலிகள் இறந்தன. மனிதர்களிலும், டெல்டா32 இரட்டையாக உள்ளவர்களுக்கு அந்த வைரஸ் தொற்றினால் நோய் அறிகுறிகள் தோன்றும் வாய்ப்பு கூடுதல் என 2006இல் வெளியான ஆய்வு காட்டியது. எந்த வைரஸும் அண்டாதாம்!

இந்த ஆய்வுகளின் சுருக்கங்களைப் பப்மெட் என்ற மருத்துவ ஆய்வுத் தொகுப்புத் தளத்தில் யாரும் இலவசமாகப் படிக்கலாம். அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால், தயவுசெய்து மேற்கொண்டு அனுப்பாதீர்கள்.