இரைக்க இரைக்க ஓடி யாரைப் பிடிக்கப் போகிறோம்?

கோவை ரேஸ் கோர்ஸ் நடைபாதையை ஒரு முறை சுற்றி வந்தால் ஏறத்தாழ 2.5 கிலோமீட்டர். ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு, என்னுடைய 38-வது வயதில், அங்கே ஓடத் தொடங்கிய நாள்களில் எதிர்த்திசையில் நடந்து வரும் பெரியவர் ஒருவர் இரண்டு சுற்றுக்குள் மூன்று முறையாவது என்னைக் கடந்து போவார். வெள்ளைச் சட்டை, மடித்துக் கட்டிய வேட்டி, காலில் மட்டும் விலை கூடிய காலணி. ஒரு நாள் மூன்றாவது முறை கடக்கும்போது நின்றுவிட்டார். "ஏனுங்க தம்பி, இப்படி இரைக்க இரைக்க ஓடி யாரைப் புடிக்கப் போறீங்க?" என்று கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். மூச்சுதான் வந்தது, சொல் வரவில்லை. அவர் சிரித்துவிட்டு நடக்கத் தொடங்கினார். அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தக் கேள்விக்குள் பயிற்சி முறை ஒன்று முழுதாக அடங்கியிருந்தது என்பது புரிவதற்கு ஒன்றரை ஆண்டு பிடித்தது.

அந்த ஒன்றரை ஆண்டில் நான் மூன்று முறை ஓட்டத்தை விட்டேன், மூன்று முறை மறுபடி தொடங்கினேன். ஒவ்வொரு முறையும் கதை ஒன்றுதான். முதல் வாரம் 5 கிலோமீட்டரை 34 நிமிடத்தில் முடிப்பேன். அடுத்த வாரம் அதை 33 ஆக்க வேண்டும் என்று தோன்றும். அதற்கடுத்த வாரம் கைப்பேசிச் செயலியில் நண்பர் எவராவது 31 நிமிடத்தில் முடித்திருப்பதைப் பார்த்துவிட்டு, இரவெல்லாம் கணக்குப் போட்டு, காலையில் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுவேன். ஐந்தாவது அல்லது ஆறாவது வாரத்தில் முன்னங்கால் எலும்பின் உள்பக்கம் வலிக்கத் தொடங்கும். இரண்டு நாள் ஓய்வு பத்து நாளாகும், பத்து நாள் இரண்டு மாதமாகும், செருப்பு அடுக்கில் காலணி ஒட்டடை பிடித்துக் கிடக்கும். நானும் என்னைச் சோம்பேறி என்றும் மன உறுதி இல்லாதவன் என்றும் திட்டிக்கொள்வேன். அதற்குத் தோதாக வாட்ஸ்அப் குழுவில் விடியற்காலை 4.45 மணிக்கே யாராவது சூரிய உதயப் படத்தோடு ஊக்க வாசகம் ஒன்றை அனுப்பியிருப்பார்.

இப்போது யோசித்தால் எனக்கு ஊக்கம் குறைவாக இருந்ததாகவே தோன்றவில்லை. தேவைக்கு மேல் இருந்தது; அதை முழுவதும் தினமும் முதல் ஐந்து கிலோமீட்டரிலேயே கொட்டித் தீர்த்துக்கொண்டிருந்தேன். பொழுதுபோக்காக ஓடும் என்னைப் போன்றவர்களில் பெரும்பாலோர் பாதியில் நின்றுபோவதற்குக் காரணம், மெதுவாக ஓட வேண்டிய நாளை வேகமாக ஓடிக் கெடுத்துக்கொள்வதே என்பது என் கருத்து.

எனக்கு அன்றைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஆறே முக்கால் நிமிடம் என்பது இரண்டுங்கெட்டான் வேகம். உடம்பை அடுத்த நாளைக்கும் களைப்பில் வைத்திருக்கும் அளவுக்கு அது கடினம். வேகப் பயிற்சி என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கோ அதில் வேகம் இல்லை. மெதுவாக நெடுநேரம் ஓடும்போது தசைகளுக்குள் ஆற்றலைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் பெருகுகின்றன, தசை நார்களைச் சுற்றி நுண்ணிய ரத்தக் குழாய்கள் அடர்கின்றன, கொழுப்பை எரித்து ஓடும் திறன் கூடுகிறது. இவையெல்லாம் நிகழ்வதற்கு மூச்சு முட்ட வேண்டியதில்லை. போதாக்குறைக்கு, மூச்சும் இதயமும் சில வாரங்களிலேயே புதிய வேலைக்குப் பழகிவிடுகின்றன. தசைநாணும் எலும்பும் பழகப் பல மாதங்கள் ஆகின்றன. ஐந்தாவது வாரத்தில் நுரையீரல் "போகலாம்" என்கிறது, காலெலும்பு "முடியாது" என்கிறது. என் மூன்று தோல்விகளும் சொல்லி வைத்தாற்போல் அந்த இடத்தில் நடந்தவைதாம்.

இந்தச் சிந்தனை ஒன்றும் புதிதல்ல. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஆர்தர் லிடியார்ட், பல ஆண்டுகள் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்து ஒரு முறையை உருவாக்கினார். 800 மீட்டர் ஓடும் வீரனைக்கூட முதலில் வாரத்துக்கு 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர் அளவுக்கு, நீண்ட சீரான ஓட்டங்களாக ஓடவைத்து அடித்தளம் போட்ட பிறகே வேகப் பயிற்சிக்கு அழைத்துப் போவார். அவரிடம் பயின்ற பீட்டர் ஸ்நெல் 1960 ரோம் ஒலிம்பிக்கில் 800 மீட்டரிலும், 1964 டோக்கியோவில் 800, 1500 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். ஆனால் எனக்கு இந்தத் தங்கங்களைவிடப் பிடித்தது லிடியார்ட் செய்த இன்னொரு வேலை. இதய நோய் கண்டவர்களையும் நடுவயதுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு, பேச்சு நிற்காத வேகத்தில் மெல்லோட்டம் ஓட வைத்தார். 1962-ன் இறுதியில் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத் தடகளப் பயிற்சியாளர் பில் பவர்மன் அங்கே வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், தன்னைத் திடகாத்திரமானவர் என்று நம்பிக்கொண்டிருந்தவர். லிடியார்டின் குழுவோடு ஓடக் கிளம்பி மேட்டில் மூச்சுத் திணறிப் பின்தங்கினார். இதயம் பாதிக்கப்பட்டு மீண்டிருந்த, எழுபது வயதைக் கடந்த ஒருவர் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு அவருக்குத் துணையாக ஓடி வந்தாராம். ஊர் திரும்பிய பவர்மன், மறு ஆண்டே யூஜீன் நகரத்தில் பொதுமக்களுக்கு மெல்லோட்டம் கற்பிக்கத் தொடங்கினார். அமெரிக்காவில் பரவிய ஜாகிங் மோகத்துக்குப் பின்னால் இப்படி ஒரு பெரியவர் இருக்கிறார். பின்னாளில் நைக்கி நிறுவனமாக மாறிய வணிகத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவரும் இதே பவர்மன்தான் என்பதால், நம் காலணிச் செலவுக்கும் அந்தப் பெரியவரை ஓரளவு பொறுப்பாக்கலாம்.

நார்வேயில் பணிபுரியும் அமெரிக்க ஆய்வாளர் ஸ்டீபன் சைலர், படகு வலிப்போர், பனிச்சறுக்கு வீரர்கள், ஓட்டக்காரர்கள் ஆகியோரின் பயிற்சிகளை ஆராய்ந்தபோது, உச்சத்தில் இருப்பவர்கள் தங்கள் பயிற்சியில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை இலகுவாகவே செய்கிறார்கள் என்று கண்டார். நம் ஓட்டக் குழுக்களில் இந்த 80, 20 கணக்கு இப்போது வேதவாக்காகிவிட்டது. வாரத்துக்கு மூன்றே நாள் ஓடும் ஒருவர் இதைக் கால்குலேட்டர் வைத்துப் பின்பற்றத் தேவையில்லை என்பேன். அது வாரத்துக்குப் பத்து, பன்னிரண்டு முறை பயிற்சி செய்பவர்களிடமிருந்து எடுத்த கணக்கு. ஆனால், அவ்வளவு பலம் உள்ளவர்களே பெரும்பாலான நாள்களில் நிதானமாக இருக்கிறார்கள் என்றால், எட்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வரும் நமக்கு என்ன அவசரம் என்ற கேள்வியையாவது அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

சரி, இலகுவான வேகம் என்பதை எப்படி அறிவது? இங்கேதான் கைக்கடிகாரம் நம்மைப் படுத்தும் பாடு தொடங்குகிறது. 220-லிருந்து வயதைக் கழித்தால் உச்ச இதயத் துடிப்பு கிடைக்கும் என்று பல கருவிகள் கணக்கிடுகின்றன. 1970-களின் தொடக்கத்தில் கையில் கிடைத்த சில தரவுகளின் மீது தோராயமாக இழுத்த கோட்டிலிருந்து வந்த கணக்கு அது; ஒரே வயதினருக்குள்ளேயே உண்மையான அளவு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ பத்து, பன்னிரண்டு துடிப்புகள் விலகி நிற்பது சாதாரணம். அந்தக் கணக்கின்படி என் உச்சம் இப்போது 177. சென்ற மாதம் ஒரு மேட்டில் முடிந்த மட்டும் ஓடியபோது, இதயத் துடிப்பை அளக்கும் மார்புப் பட்டை 188 காட்டியது. மணிக்கட்டுக் கருவியோ வேறு வகை. அது சில நேரம் இதயத்தை விட்டுவிட்டுக் காலடி எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்ளும். ஆற அமர ஓடிக்கொண்டிருக்கும்போதே 170 என்று காட்டும். பதறிப் போய் நின்று கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தால் 130-தான் இருக்கும்.

சுவீடன் நாட்டு உளவியலாளர் குன்னார் போர்க் இதைவிட எளிய வழி ஒன்றைத் தந்திருக்கிறார். உழைப்பு எவ்வளவு கடினமாகத் தோன்றுகிறது என்பதை 6 முதல் 20 வரையிலான எண்ணால் சொல்லச் சொன்னார். ஏன் 6-ல் தொடங்குகிறது என்றால், அந்த எண்ணைப் பத்தால் பெருக்கினால் ஆரோக்கியமான இளைஞர் ஒருவரின் இதயத் துடிப்பு ஏறத்தாழ வந்துவிட வேண்டும் என்பதற்காக. அதில் 11 என்பது இலகு, 13 என்பது சற்றுக் கடினம். என் அன்றாட ஓட்டம் 11-ஐ ஒட்டி இருந்தால் போதும் என்று வைத்திருக்கிறேன். இதற்கும் எண் எதற்கு என்பவர்களுக்கு ரேஸ் கோர்ஸ் பெரியவரின் சோதனை இருக்கிறது. ஒரு முழு வாக்கியத்தை நடுவில் மூச்சு வாங்காமல் சொல்ல முடிகிறதா? முடிந்தால் ஓடுங்கள், முடியாவிட்டால் நடங்கள்.

கேட்பதற்கு எளிது, செய்வதற்கு மானம் போகும். நான்காவது முறை தொடங்கியபோது, பேசும் அளவுக்கு ஓட வேண்டுமென்றால் என் வேகம் கிலோமீட்டருக்கு 8 நிமிடம் 20 நொடி என்று தெரிந்தது. கைவீசி நடக்கும் கல்லூரி மாணவிகள் இருவர் என்னை உரசினாற்போல் தாண்டிப் போனார்கள். பழைய நண்பர் ஒருவர், "காலில் அடியா?" என்று அக்கறையோடு விசாரித்தார். செயலியில் என் ஓட்டங்களை யாரும் பார்க்க முடியாதபடி பூட்டி வைத்தேன். அந்த ஒரு செயல் எந்தப் பயிற்சித் திட்டத்தைவிடவும் எனக்கு உதவியது என்று இன்றும் சொல்வேன். ஐந்து மாதங்களுக்குப் பிறகு அதே மூச்சில், அதே இதயத் துடிப்பில் 7 நிமிடம் 25 நொடிக்கு வந்திருந்தேன். முன்னங்கால் வலி வரவே இல்லை.

மெதுவாகவே ஓடிக்கொண்டிருந்தால் காலமெல்லாம் மெதுவாகத்தானே ஓடுவாய் என்று கேட்பவர்களின் வாதத்தில் உண்மை உண்டு. எட்டாவது மாதத்தில் என் முன்னேற்றம் அப்படியே நின்றுபோனது. அதன் பிறகு வாரத்தில் ஒரு நாள் மட்டும் ஒரு நிமிடம் வேகம், இரண்டு நிமிடம் நடை என்று எட்டு முறை ஓடத் தொடங்கினேன். அந்த ஒரு நாள் உண்மையிலேயே கடினமாக இருந்தது. மற்ற நாள்களில் மிச்சம் பிடித்ததால்தான் அப்படி ஓட முடிந்தது.

இப்போது ஊக்கம் பற்றி. அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பணியாற்றிய உடற்பயிற்சி உளவியல் ஆய்வாளர் பான்டெலிமோன் எக்கெகாகிஸ் பல ஆண்டுகளாக ஆராய்ந்து சொல்லிவரும் ஒன்று என்னை யோசிக்கவைத்தது. உடற்பயிற்சியின் கடுமை, மூச்சு தாறுமாறாகத் தொடங்கும் ஒரு வரம்பைத் தாண்டும்போது பெரும்பாலோருக்கு அது இனிமையாக இருப்பது நின்றுவிடுகிறது. தினமும் இனிக்காத ஒன்றை மனம் தினமும் எப்படி நாடும்? காலை ஐந்து மணிக்கு அலாரத்தை அணைக்கும் கைக்கு, நேற்றைய ஓட்டம் எப்படி முடிந்தது என்பது நன்றாக நினைவிருக்கிறது. நேற்று வாந்தி வரும் நிலையில் முடித்திருந்தால், இன்று ஆயிரம் ஊக்க வாசகங்கள் வந்தாலும் அந்தக் கை போர்வையைத்தான் இழுக்கும்.

இந்த ஐந்து மணி அறிவுரை பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். "மனம் இருந்தால் எல்லோராலும் விடியலில் எழுந்து ஓட முடியும்" என்று மேடையில் முழங்குபவர், பெரும்பாலும் வீடு திரும்பும்போது இட்லி தயாராக இருக்கும் ஆணாக இருக்கிறார். என் மனைவி இரண்டு ஆண்டுகளாக ஓடுகிறார். அவர் காலையில் ஓட வேண்டுமானால் பிள்ளைகளின் டிபன் டப்பாவை நான் கட்ட வேண்டும். ஆள் நடமாட்டம் வந்த பிறகுதான் கிளம்ப முடியும். அதற்குள் வெயில் ஏறிவிடும். அவருக்குத் தேவைப்பட்டது ஊக்க உரை இல்லை, செவ்வாயும் வியாழனும் சட்னி அரைக்க இன்னொரு கை. அந்த இரண்டு நாள்களை ஒதுக்கிய பிறகு அவர் ஒரு வாரம்கூடத் தவறவிட்டதில்லை, நான்தான் தவறவிட்டிருக்கிறேன்.

பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டால் ஊக்கம் தானாக வரும் என்பதையும் நான் பாதிதான் ஏற்கிறேன். கோவை புற்றுநோய் அறக்கட்டளைக்கு நிதி திரட்டுவதற்காக 2013-ல் தொடங்கிய கோயம்புத்தூர் மாரத்தானில் என் முதல் அரை மாரத்தானை, 21.1 கிலோமீட்டரை, 2 மணி 21 நிமிடத்தில் முடித்தேன். கடைசி வளைவில் மகள் என் பெயரைச் சொல்லிக் கத்தியதை மறக்க முடியாது. ஆனால், பதக்கத்தை ஆணியில் மாட்டிய மறுநாளிலிருந்து மூன்று வாரம் ஓடவே பிடிக்கவில்லை. எதற்காக ஓடுகிறோமோ அது முடிந்துவிட்டால் கால் கேள்வி கேட்கிறது. ஜூன், ஜூலையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் வரும்போது, எந்தப் பந்தயமும் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லாத அந்த வாரங்களில், என்னை வெளியே தள்ளுவது ஒரே ஓர் ஏற்பாடுதான்: காலணியை மாட்டிப் பத்து நிமிடம் ஓடுவது, அதற்குள் பிடிக்கவில்லை என்றால் குற்ற உணர்ச்சி இல்லாமல் திரும்பிவிடுவது. சென்ற ஆண்டு அப்படிப் பாதியில் திரும்பியது நான்கைந்து முறை இருக்கும்.

பெரியவர் இன்னும் வருகிறார். நடை கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, திசை மட்டும் மாறவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை எதிர்ப்பட்டபோது, "இன்னிக்கு எத்தன ரவுண்டுங்க தம்பி?" என்றார். "நாலுங்க ஐயா, மூணு முடிஞ்சுதுங்க, ஒண்ணு பாக்கி, வீட்ல காப்பித்தூள் வேற தீந்து போச்சு, போற வழியில அதையும் வாங்கிட்டுப் போகோணுங்க" என்றேன், ஓடிக்கொண்டே.