அடிபட்ட காலை இழுக்காதீர்கள்

அந்த வீடியோவை நேற்றிலிருந்து எனக்குப் பத்துப் பேராவது அனுப்பிவிட்டார்கள். பையன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு மைதானத்தில் உட்காருகிறான், ஒருவர் ஓடிவந்து குதிகாலையும் பாதத்தையும் பிடித்து ஒரே இழு, 'டக்'கென்று சத்தம், சுற்றிலும் கைதட்டல். நான் ஒரே ஒரு வரி எழுதினேன்: அடிபட்ட மூட்டை இழுக்காதீர்கள். அதற்கு 'நீ என்ன டாக்டரா?' என்கிறார்கள். இல்லை. ஆனால் அப்படி இழுக்கப்பட்ட கால் என்னிடம் இருக்கிறது.

'நரம்பு பிசகிவிட்டது, எடுத்துவிட்டால் சரியாகிவிடும்' என்று எழுதியிருக்கிறார்கள். அங்கே பிசகுவது நரம்பு இல்லை. ஒரு பாதத்தில் மட்டும் 26 எலும்புகள் இருக்கின்றன. அவற்றை ஒன்றோடொன்று கட்டி வைத்திருக்கும் பட்டைகள்தான் லிகமென்ட். பாதம் உள்பக்கமாக மடங்கினால் பெரும்பாலும் வெளிக்கணுவுக்குச் சற்று முன்னால் இருக்கும் லிகமென்ட்தான் முதலில் கிழியும். ஏற்கெனவே கிழிந்ததைப் பிடித்து இழுத்தால் அது எப்படி ஒட்டும்?

எனக்கு அப்போது பதினாறு வயது. இதே மாதிரிதான் இழுத்தார்கள், 'நட, நடந்தால் சரியாகிவிடும்' என்றார்கள். நானும் நம்பி ஆட்டத்தின் இரண்டாம் பாதி முழுக்க ஓடினேன். ராத்திரி ஷூவைக் கழற்ற முடியாமல் லேஸை வெட்டித்தான் எடுத்தோம். சுளுக்குதானே என்று மூன்று வாரம் நொண்டிய பிறகு எக்ஸ்ரேயில் பார்த்தால், சுண்டுவிரலுக்குப் போகும் நீள எலும்பின் அடிப்பகுதியில் முறிவு. பாதம் மடங்கும்போது இதுவும் முறியும், வெளியே பார்க்க வெறும் சுளுக்கு மாதிரியே வீங்கும்.

சுளுக்கா, முறிவா என்று பிரித்துப் பார்க்கத்தான் 1992-லேயே கனடா டாக்டர்கள் ஒட்டாவா விதிகள் என்று கொண்டுவந்தார்கள். இரண்டு கணு எலும்புகளின் பின்விளிம்பையும் நுனியையும், பாதத்தில் நான் சொன்ன அந்த எலும்பின் அடியையும், உள்பக்க வளைவில் இருக்கும் சின்ன எலும்பையும் அழுத்திப் பார்க்க வேண்டும். அங்கே எலும்பில் வலித்தாலோ, நாலு எட்டு வைக்க முடியாவிட்டாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இதில் எங்கேயாவது இழுக்கச் சொல்லியிருக்கிறதா?

'எனக்கு இழுத்துத்தான் சரியாச்சு' என்கிறவர்களுக்கு: லேசான சுளுக்கு தானாகவே ஆறிவிடும். பெயர் மட்டும் இழுத்தவருக்குப் போகும். 'மூட்டு விலகியிருந்தால் இழுத்துத்தானே ஆக வேண்டும்?' அதை எக்ஸ்ரே வசதியோடு, தெரிந்தவர்கள் செய்யட்டும். பக்கத்திலேயே ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகின்றன. கோணலாக இருந்தால் இருக்கிற நிலையிலேயே அணை கொடுத்துக் கொண்டுபோங்கள். 'ஐஸ் வைக்கச் சொன்னவரே பிறகு மாற்றிச் சொல்லிவிட்டாரே' என்று ஒருவர் கேட்டிருந்தார், அது நியாயமான கேள்வி. ஓய்வு, ஐஸ், கட்டு, காலை உயர்த்தி வைப்பது என்று 1978-ல் எழுதிய அமெரிக்க விளையாட்டு மருத்துவர் கேப் மிர்கின், ஐஸ் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று பிற்பாடு சொன்னது உண்மைதான். வலி குறைய, துணியில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் வைக்கலாம், அவ்வளவுதான். ஆனால் ஐஸ் வேண்டாம் என்றால் இழுக்கலாம் என்று எப்படி ஆகும்?

இன்றைக்கும் படி இறங்கும்போது என் வலது கால் திடீரென்று மடங்குகிறது. அன்றைக்கு எனக்கும் கைதட்டினார்கள், நானும் வலியைக் காட்டாமல் சிரித்தேன். அந்த வீடியோவை இன்னொரு தடவை பாருங்கள், இழுத்தவரைப் பார்க்க வேண்டாம், பையனைப் பாருங்கள். எல்லோரும் கைதட்டும்போது அவன் இரண்டு கையாலும் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறான்.