அழுது முடிக்காத முகங்கள்

அசையும் எமோஜி மீது எனக்குப் பகை ஏதும் இல்லை. பொங்கலன்று பானை பொங்கி வழியட்டும். தெருப் பையன்கள் கால்பந்துப் போட்டியில் வென்ற இரவில் பட்டாசு சிதறட்டும். என் மனத்தாங்கலெல்லாம் அது நிற்காமல் ஓடுவதைப் பற்றியதுதான்.

இராயபுரத்தில் எங்கள் தெருவுக்கென ஒரு டெலிகிராம் குழு உண்டு. அண்மையில் அதில் ஒரு பெரியவர் காலமான செய்தியும், காசிமேடு கல்லறைக்கு எத்தனை மணிக்கு எடுத்துச் செல்கிறார்கள் என்ற விவரமும் வந்தன. அதன் கீழே, குழாயைத் திறந்துவிட்டதுபோல் கண்ணீர் கொட்டும் மஞ்சள் முகங்கள், படபடக்கும் மெழுகுவர்த்திகள், குவிந்து பிரிந்து மீண்டும் குவியும் கைகள். ஒரு முகம் மூன்றே நொடியில் அழுது தீர்த்து, தெளிந்து, மறுபடியும் முதலிலிருந்து அழத் தொடங்கியது. அனுப்பியவர்களின் துக்கத்தில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் பார்ப்பவருக்கு அது கேலியாகத் தெரிந்துவிடுகிறது. இதற்கு நடுவே 'எப்போது எடுக்கிறார்கள்?' என்று ஒருவர் மாற்றி ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மேலேயே எழுதியிருந்த நேரம் அவர்கள் கண்ணில் படவில்லை.

பார்வையின் ஓரத்தில் எது அசைந்தாலும் கண் தன்னால் அங்கே திரும்பும். எழுத்து அசையாது, ஆகவே தோற்றுப்போகும். இணையப் பக்கங்களை எல்லோரும் பயன்படுத்தத்தக்கவாறு அமைப்பதற்கான டபிள்யூ.சி.ஏ.ஜி. நெறிமுறை, எழுத்துக்கு அருகே தானாகத் தொடங்கி 5 நொடிக்கு மேல் அசையும் எதையும் நிறுத்த வழி இருக்க வேண்டும் என்கிறது. வலிப்பு நோய் உள்ளவர்களை எண்ணி, எதுவும் ஒரு நொடியில் 3 முறைக்கு மேல் மின்னக் கூடாது என்றும் அது வரையறுத்திருக்கிறது.

நிறுத்துவது முடியாத காரியமும் அல்ல. 1987இல் வந்த ஜிஃப் என்ற பட வடிவத்தில், அசையும் படம் எத்தனை முறை திரும்பத் திரும்ப ஓட வேண்டும் என்று குறிக்கும் வசதியை 1995 வாக்கில் நெட்ஸ்கேப் என்ற இணைய உலாவி சேர்த்தது. அங்கே சுழியம் இட்டால் முடிவே கிடையாது. செய்பவர்கள் பெரும்பாலும் சுழியத்தைத்தான் இடுகிறார்கள். டெலிகிராமிலும் ஸ்டிக்கர் எனப்படும் இந்த அசையும் படங்கள் திரும்பத் திரும்ப ஓடுவதை அணைத்துவைக்கலாம், ஆனால் அந்த வேலை பார்ப்பவர் தலையில் விழுகிறது, அனுப்பியவருக்கு ஒன்றும் இல்லை.

பெயரோடு ஒட்டிக்கொண்டு அசைவது இன்னும் தொல்லை. 2022இல் டெலிகிராமுக்குக் கட்டணம் செலுத்தும் பிரீமியம் சந்தாதாரர்களுக்கு இந்த வசதி வந்தது. தண்ணீர் லாரி இன்று வராது என்று சொல்ல வருகிறவர் பெயருக்குப் பக்கத்தில் தீ கொழுந்துவிட்டு எரிகிறது.

இரங்கல் செய்தி வரும் நாளில், அடக்கம் முடியும் வரையிலாவது ஸ்டிக்கர் அனுமதியை மூடிவைக்கும்படி குழு நிர்வாகியிடம் கேட்டிருக்கிறேன். அடியோடு தடை செய்யச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தட்டச்சு செய்யத் தெரியாத அத்தைகளும் ஆயாக்களும் தங்கள் ஆறுதலைச் சொல்ல இதைத்தான் நம்பியிருக்கிறார்கள்.